முதல் காட்சி – 9: கேமராவுக்குப் பின்னால் கொலைகாரன்

பிரிட்டனில் பதினாறு, பதினேழு வயதில் ஊடகப் படிப்பை எடுத்த மாணவர்கள் ஒரு புதிய படத்தின் தொடக்கக் காட்சியைத் தாங்களே எடுத்துக் காட்ட வேண்டியிருந்தது. ஓசிஆர் தேர்வு வாரியத்தின் பாடத்திட்டத்தில் பல ஆண்டுகள் இருந்த பயிற்சி இது. டைட்டிலையும் சேர்த்து அதிகபட்சம் இரண்டு நிமிடம். படமும் ஒலியும் சொந்தமாக எடுத்தவையாக இருக்க வேண்டியிருந்தது. இசையும் ஒலி விளைவுகளும் மட்டும் காப்புரிமைச் சிக்கல் இல்லாத இடத்திலிருந்து எடுக்க அனுமதி இருந்தது. எடுத்து முடித்ததும் முதலில் ஒரு கேள்விக்கு விடை எழுத வேண்டியிருந்தது: இந்த வகைப் படங்களின் வழக்கங்களில் எதைப் பின்பற்றினீர்கள், எதை வளர்த்தீர்கள், எதை எதிர்த்தீர்கள்?

இப்படிப்பட்ட பயிற்சிக்கு ஸ்லாஷர் படம், அதாவது ஒரு கொலைகாரன் ஒவ்வொருவராகத் துரத்திக் கொல்லும் படம், தோதானது. நட்சத்திரம் வேண்டாம், செட் வேண்டாம். ஒரு வீடு, ஒரு பெண், ஒரு முகமூடி, ஒரு சமையலறைக் கத்தி போதும். சிக்கல் ‘எதிர்த்தீர்களா’ என்ற இடத்தில் வருகிறது. பெண்ணுக்குப் பதில் பையன் சாவது, கொலைகாரன் பெண்ணாக இருப்பது – இவைதான் முதலில் தோன்றும் யோசனைகள். 1980-லேயே ‘ஃப்ரைடே தி 13த்’ படத்தில் கொலைகளைச் செய்தவள் ஒரு தாய். ஆளை மாற்றினால் மட்டும் வழக்கம் உடைந்துவிடாது. யாருடைய கண்ணால் பார்க்கிறோம் என்பதில்தான் இந்த வகைப் படத்தின் உயிரே இருக்கிறது.

ஜான் கார்பென்டரின் ‘ஹாலோவீன்’ (1978) தொடக்கத்தைப் பாருங்கள். 1963, ஹாலோவீன் இரவு. வெளியே நிற்கும் யாரோ ஒருவரின் பார்வையாகக் கேமரா வீட்டை நெருங்குகிறது. ஜன்னலுக்குள்ளே சோபாவில் ஒரு பெண்ணும் காதலனும். இருவரும் மாடிக்குப் போகிறார்கள், விளக்கு அணைகிறது. கேமரா வீட்டைச் சுற்றிச் சமையலறைக்குள் நுழைகிறது. ஒரு கை இழுப்பறையிலிருந்து கத்தியை எடுக்கிறது. மாடியில் கிடக்கும் முகமூடியையும் அதே கை எடுக்கிறது. மாட்டிக்கொண்டதும் திரை இருண்டு, இரண்டு கண் துளைகள் மட்டும் மிஞ்சுகின்றன. அந்தத் துளைகள் வழியாகத்தான் அந்தப் பெண்ணின் கொலையைப் பார்க்கிறோம். நடந்தபடி எடுத்தாலும் படம் குலுங்காத பேனாகிளைட் கேமராவில், வெட்டுகளை மறைத்து, ஒரே ஷாட்போல ஓடும் சுமார் நான்கு நிமிடம். கடைசியில் வாசலில் அவளுடைய தந்தை முகமூடியைக் கழற்றுகிறார். கத்தியோடு நிற்பது ஆறு வயதுச் சிறுவன்.

கொலைகாரனின் கண்ணாகக் கேமரா அலைவது புதிதல்ல. ‘பிளாக் கிறிஸ்மஸ்’ (1974) அதை முன்பே செய்துவிட்டது. கார்பென்டர் அந்த வழக்கத்தை நான்கு நிமிடம் முழு விசுவாசத்தோடு பின்பற்றி, முகத்தில் மட்டும் உடைத்தார். அந்த விசுவாசம் இல்லையென்றால் சிறுவனின் முகத்துக்கு அந்த அதிர்ச்சியே கிடையாது. இரண்டு நிமிடப் படத்திலும் ஒன்றே ஒன்றை உடைத்தால் போதும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இன்னொன்றும் உண்டு. திரையில் தெரியும் அந்தக் கை, படத்தின் தயாரிப்பாளரும் இணைக் கதாசிரியருமான டெப்ரா ஹில்லுடையது. நடிக்க ஆள் கிடைக்காத மாணவர் குழுவுக்கு இதைவிடப் பெரிய தைரியம் வேண்டுமா? கேமராவுக்குப் பின்னால் இருப்பவரே கொலைகாரர்.

அப்படியானால் அந்த ஒன்றை எங்கே உடைப்பது? இப்படி யோசித்துப் பாருங்கள்: கதவிடுக்கு வழியே கேமரா ஒரு பெண்ணைப் பார்த்துக்கொண்டே இருக்கிறது. அவள் பாத்திரம் கழுவுகிறாள், குழாயை மூடுகிறாள், திரும்பி நேராக லென்ஸைப் பார்க்கிறாள். கத்தவில்லை, கேமராவை நோக்கி நடந்து வருகிறாள். இப்போது பின்வாங்க வேண்டியது கேமரா. இதுவரை ஒளிந்திருந்து பார்த்த நாம் அகப்பட்டுக்கொள்கிறோம். வசனமோ ரத்தமோ இல்லாமல், வேட்டையாடியவர் யார் என்ற கணக்கே தலைகீழாகிவிடும்.

‘ஸ்க்ரீம்’ (1996) வேறு வழியில் போனது. சுவரொட்டியில் பெரிதாகத் தெரிந்த ட்ரூ பேரிமோரை இயக்குநர் வெஸ் க்ரேவன் முதல் காட்சியிலேயே சாகடித்தார். மாணவர்களிடம் அப்படி ஒரு நட்சத்திரம் இல்லை; ஆனால் டைட்டில் இருக்கிறது. முதலில் வரும் நடிகையின் பெயரை எந்த முகத்தின் மேல் போடுகிறோமோ, அவள்தான் கதாநாயகி என்று பார்ப்பவர் மனம் தானாக முடிவுகட்டும். அவளையே இரண்டாவது நிமிடத்தில் சாகடித்துப் பாருங்கள். டைட்டிலைச் சிவப்பு எழுத்தில் சொட்டவிடும் வேலையாக மட்டும் நினைப்பவர்கள் இந்த ஆயுதத்தை வீணாக்குகிறார்கள்.

இருட்டைப் பற்றியும் ஒரு சொல். சாதாரணக் கேமராவில் இரவில் எடுத்தால் படம் புள்ளிபுள்ளியாகிவிடும், முகமும் தெரியாது. ‘ஹாலோவீன்’ படத்திலேயே நாயகி லாரி தன் அறை ஜன்னலிலிருந்து எட்டிப்பார்க்கும்போது, துணி காயும் கொடிகளுக்கு நடுவே முகமூடிக்காரன் நிற்கிறான், நல்ல பகல் வெளிச்சத்தில். பகலில் எடுங்கள். செய்ததை விளக்கி எழுதும்போதும் ‘வழக்கத்தை எதிர்த்தோம்’ என்று பொதுவாக எழுதாமல், எந்த ஷாட்டில், எத்தனையாவது நொடியில், பார்ப்பவர் எதை எதிர்பார்த்திருந்தபோது என்று எழுதுங்கள்.

அடுத்த வாரம், ‘சைக்கோ’வுக்கு சால் பாஸ் அமைத்த டைட்டில்.

(தொடரும்)