கொழுகொழு நாய்க்கு ஆயுசு குறைவு

"நல்லா கொழுகொழுன்னு வளர்த்திருக்கீங்க!" வீட்டுக்கு வருபவர்கள் லேப்ரடாரைப் பார்த்து இப்படிச் சொன்னால் பெருமைப்பட வேண்டாம், எடை பாருங்கள். அமெரிக்காவில் 48 லேப்ரடார்களை வாழ்நாள் முழுவதும் கவனித்த ஆய்வு 2002இல் வெளியானது. கால்பங்கு குறைவாகச் சாப்பிட்டவை மற்றவற்றைவிட ஏறத்தாழ 1.8 ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்தன. மூட்டுத் தேய்மானமும் அவற்றுக்குத் தாமதமாகவே வந்தது.

தராசு இல்லாமலே சோதிக்கலாம். விலா எலும்பைத் தடவுங்கள். நீட்டிய புறங்கையைத் தடவுவதுபோல் எலும்பு தட்டுப்பட்டால் எடை சரி. உள்ளங்கைபோல் மெத்தென்றிருந்தால் கொழுப்பு ஏறிவிட்டது. மடக்கிய விரல் முட்டிபோல் துருத்தினால் மெலிவு.

பட்டினி போடுவது தீர்வல்ல. தைராய்டு சுரப்புக் குறைவும் நாயைப் பருக்க வைக்கும். அதனால் முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். நாய்க்கு வாரம் 1 முதல் 2 சதவீதம் எடை குறைந்தால் போதும். 40 கிலோ நாய்க்கு அது 400 முதல் 800 கிராம். தாத்தா கொடுக்கும் மேரி பிஸ்கட், பிள்ளைகள் மிச்சம் வைக்கும் தயிர்சாதம் எல்லாம் கணக்கில் சேரும். ஒரு நாள் உணவைக் காலையிலேயே அளந்து ஒரு டப்பாவில் போட்டுவிடுங்கள். யார் கொடுத்தாலும் அதிலிருந்துதான். கருத்தடை செய்த பிராணிக்கு அளவை இன்னும் குறைக்க வேண்டியிருக்கும். பருத்த நாய்க்கு வெயில் தாங்காது. விடியற்காலையிலோ பொழுது சாய்ந்த பிறகோ நடக்கவிடுங்கள்.

பூனை விஷயத்தில் கூடுதல் எச்சரிக்கை தேவை. குண்டுப் பூனை இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தாலே கல்லீரலில் கொழுப்பு படிந்து உயிருக்கு ஆபத்தாகலாம். இளைக்கட்டும் என்று கறி, மீனை நிறுத்திச் சோறு மட்டும் வைப்பதும் தவறு. இறைச்சியில் கிடைக்கும் டாரின் சத்து இல்லாவிட்டால் அதன் கண்ணும் இதயமும் கெடும்.

சட்டமும் இதில் பேசுகிறது. 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம், பிரிவு 11இன்படி, வளர்ப்பவர் போதிய உணவு தராமல் விடுவது குற்றம். வழக்கமாகக் கட்டிப்போட்டோ அடைத்தோ வைக்கும் நாய்க்கு நியாயமான உடற்பயிற்சி தராததும் குற்றமே. பக்கத்து வீட்டு நாய் அவிழ்த்து விடப்படாமலே கிடந்தால் முதலில் பேசிப் பாருங்கள். பலனில்லை என்றால் காவல் நிலையத்திலோ விலங்கு வதைத் தடுப்புச் சங்கத்திலோ புகார் கொடுக்கலாம்.