இடையறும் ஒலி

கல்முனைக் கரையோரத்து முஸ்லிம் ஊர்களில் மூதாட்டியர் பாடும் நாட்டார் கவிகளை மடிக்கணினியிற் பதிவுசெய்கையில் ஒலி இடையிடையே அறுமாயின், இழப்பு சிறிதன்று. பாடியவர் மறுமுறை பாட இருப்பார் என்பது உறுதியில்லை.

விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிவுற்றது. விண்டோஸ் 11க்கு மாறியதும் யூ.எஸ்.பி. ஒலிவாங்கி தடுமாறினால், ஒலிவாங்கியே பழுதென்று துணிதல் ஆகாது. முதல்நாள் வரை நன்கு இயங்கியது அன்றோ?

யூ.எஸ்.பி. வழியே கோப்பொன்று செல்லுகையில் ஒரு துண்டு தவறினால் அது மீண்டும் அனுப்பப்படும். ஒலிக்கு அவ்வசதி இல்லை. நொடிக்கு 48,000 மாதிரிகள் எடுக்கும் சாதாரண ஒலிவாங்கி, நொடியின் ஆயிரத்திலொரு பங்குக்கு 48 மாதிரிகள் வீதம் அனுப்பிக்கொண்டே இருக்கும். உரிய கணத்தில் கணினி ஏற்காவிடின், தவறியது தவறியதே. ஆதலால் தேடவேண்டியது, தாமதம் விளைவிப்பது எது என்பதையே.

முதலில் வைஃபையை நிறுத்திப் பார்த்தல் நன்று. செலவற்ற சோதனை அது. ஒலி சீரானால் வைஃபையின் இயக்கி மென்பொருளைப் புதுப்பிக்க வேண்டும். சீராகாவிடின், இடையிலுள்ள யூ.எஸ்.பி. ஹப்பை அகற்றி ஒலிவாங்கியை நேரே செருகுக. மின்சிக்கனத்துக்காக யூ.எஸ்.பி.யை உறங்கவைக்கும் அமைப்பையும் நிறுத்துக. மாற்றத்தின்போது உற்பத்தியாளரின் இயக்கி மென்பொருள் நீங்கிப் பொதுவானதொன்று அமர்ந்திருக்கவும் கூடும். அவ்வாறாயின் விண்டோஸ் 11க்கு உரியதை நிறுவுதல் வேண்டும்.

பதிவு மென்பொருளில் ஒலியைத் தேக்கிவைக்கும் பஃபர் அளவைக் கூட்டுதலும் பயன்தரும். அதனால் ஹெட்போனில் குரல் சற்றுப் பிந்திக் கேட்கும். கவி பாடும் மூதாட்டிக்கு ஹெட்போன் எதற்கு?