எசமானர் வீட்டு மொழியும் அதுதான்

வெனிசுலாவுக்கு வடக்கே கரீபியன் கடலில் இருக்கிறது குராசோ. ஒன்றரை லட்சம் பேர் வாழும் இந்தத் தீவின் தலைநகர் வில்லெம்ஸ்டாடில் டச்சு, ஸ்பானிஷ், ஆங்கிலம் மூன்றும் காதில் விழும். ஆனால் பேரம் பேசவும் வம்பளக்கவும் பிள்ளையை அதட்டவும் அங்கே பாப்பியமெந்து மொழிதான்.

1634-இல் தீவை ஸ்பெயினிடமிருந்து பிடித்த டச்சுக்காரர்கள், ஆப்பிரிக்கர்களை அடிமைகளாக இறக்கி விற்கும் சந்தையாக அதை மாற்றினார்கள். போர்த்துகீசியம், ஸ்பானிஷ், டச்சு, ஆப்பிரிக்க மொழிகள் எல்லாம் கலந்து உருவானது பாப்பியமெந்து. அடித்தளம் போர்த்துகீசியமா ஸ்பானிஷா என்ற வழக்கு மொழியியலாளர்களிடையே இன்னும் தீரவில்லை. இலக்கணத்தில் சிக்கனம். 'மி தா காந்தா' என்றால் பாடுகிறேன். 'மி ஆ காந்தா' என்றால் பாடினேன். வினைச்சொல் அசையாது, நடுவிலுள்ள துண்டு மட்டும் மாறும். நன்றி சொல்ல 'டாங்கி'. அது டச்சு கொடுத்தது.

அடிமைகளின் வாயில் வளர்ந்த மொழிகளை எசமானர்கள் இழிவாக நினைப்பதே காலனிகளின் வழக்கம். குராசோ கதை வேறு. வெள்ளைக்காரக் குழந்தைகளை வளர்த்தவர்கள் 'யாயா' என்ற கறுப்பினத் தாதிகள். பிள்ளைகள் அவர்கள் பேச்சையே முதலில் பழகினார்கள். இன்று கிடைத்திருக்கும் மிகப் பழைய பாப்பியமெந்து எழுத்து எது தெரியுமா? 1775-இல் ஒரு யூத வணிகர் தன் ரகசியக் காதலிக்கு எழுதிய கடிதம்! கத்தோலிக்கப் பாதிரிமார்களும் இதே மொழியில்தான் உபதேசித்தார்கள். 1825-இல் ஞானோபதேச நூலே அச்சாகிவிட்டது.

இத்தனை இருந்தும் பள்ளிக்கூட வாசலில் அதற்கு இடமிருக்கவில்லை. வீட்டில் கேட்டறியாத டச்சில் பிள்ளைகள் கணக்குப் போட்டார்கள், தோற்றார்கள். 1969 மே 30-இல் எண்ணெய் ஆலைத் தொழிலாளர் போராட்டம் கலவரமாகி வில்லெம்ஸ்டாட் எரிந்தது. கூலிக்காகத் தொடங்கிய கோபம்தான். அதன்பிறகு மொழியைப் பற்றிய கூச்சமும் குறைந்தது. எழுத்தாளர் ஃபிராங்க் மார்ட்டினஸ் அரியோன் 1987-இல் பாப்பியமெந்து வழியில் கற்பிக்கும் பள்ளியைத் தொடங்கினார். அவருக்குப் பெயர் வாங்கித் தந்த நாவல் டச்சில் எழுதியது என்பது வேறு விஷயம்.

இதே மொழி பேசும் பக்கத்துத் தீவான அரூபாவில் 2003-இலும் குராசோவில் 2007-இலும் பாப்பியமெந்துவுக்கு ஆட்சிமொழித் தகுதி கிடைத்தது. எழுத்துக்கூட்டலில் இரு தீவுகளும் ஒத்துப்போகவில்லை. அரூபாக்காரர்கள் பெயரையே 'பாப்பியமெந்தோ' என்று எழுதுகிறார்கள். குராசோ நாடாளுமன்றத்தில் விவாதம் அனல் பறப்பது பாப்பியமெந்துவில். நிறைவேறும் சட்டம் மட்டும் டச்சில் எழுதப்படுகிறது.