கப்பல் மூழ்கியது, படம் மிஞ்சியது

மஸ்கெலியாவில் வரட்சி கடுமையானால் மவுசாக்கலை நீர்த்தேக்கத்தின் தண்ணீர் கீழிறங்கிவிடும். அப்போது, 1969இல் நீரில் மூழ்கிய பழைய நகரத்தின் பள்ளிவாசல், கோவில், விகாரை ஆகியவற்றின் இடிபாடுகள் தலைகாட்டும். அவற்றைப் படம் பிடிக்க ஊரே திரண்டு போகும். தண்ணீர் கொண்டுபோனதைப் படத்திலாவது வைத்துக்கொள்ள வேண்டும் என்ற ஆசைதான் காரணம். அந்த ஆசையோடு ஆயுள் முழுக்கப் படம் பிடித்த ஒருவரை உங்களுக்குத் தெரியுமா, சகோதரிகளே?

அயர்லாந்தைச் சேர்ந்த பிரான்சிஸ் பிரவுன் 1880இல் பிறந்தவர். சிறு வயதிலேயே தாய் தந்தையை இழந்தவர். அவருக்குக் கெமராவை வாங்கிக் கொடுத்தவர், மேற்றிராணியாராக இருந்த தந்தையின் சகோதரர். 1912இல் டைட்டானிக் கப்பலில் சிறு தூரம் பயணம் செய்ய டிக்கெட் எடுத்துக் கொடுத்தவரும் அவரே.

ஏப்ரல் 10ஆம் திகதி பிரவுன் கப்பலேறினார். கண்ணில் பட்டதையெல்லாம் படம் பிடித்தார். மேல்தளத்தில் பம்பரம் விட்ட சிறுவனையும், பிறகு உதவி கேட்டுச் செய்தி அனுப்பப்பட்ட தந்தியறையையும் எடுத்தார். அந்தத் தந்தியறைக்கு இன்று உள்ள ஒரே படம் அவர் எடுத்ததுதான்.

கப்பலில் பழகிய ஒரு செல்வந்தத் தம்பதியினர், "நியூயோர்க் வரை வாருங்கள், செலவு எங்களுடையது" என்றார்கள். பாதிரியார் பயிற்சியில் இருந்த அவர், தம் மேலாளரிடம் தந்தி மூலம் அனுமதி கேட்டார். உடனே இறங்கும்படி உத்தரவு வந்தது. மனம் வருந்தினாலும் கட்டுப்பட்டு, மறுநாள் அயர்லாந்தில் இறங்கினார். ஏப்ரல் 15 அதிகாலையில் கப்பல் மூழ்கியது. 1,500க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மனிதன் ஒன்றை நாடுகிறான், அல்லாஹ் வேறொன்றை நாடுகிறான்!

அவருடைய படங்கள் உலகப் பத்திரிகைகளில் வெளிவந்தன. முதலாம் உலகப் போரில் நச்சுப்புகையால் நுரையீரல் கெட்டது. உடல் தேற 1924இல் தென்னாபிரிக்காவுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் கப்பலில் போனார். திரும்பும் வழியில் நம் இலங்கையிலும் இறங்கிப் படம் எடுத்தார்.

1960இல் அவர் இறந்தார். 25 வருடங்கள் அவருடைய பெட்டியை எவரும் கவனிக்கவில்லை. 1985இல் திறந்தபோது சுமார் 42,000 நெகடிவ்கள் இருந்தன. எங்கே, எப்போது எடுத்தவை என்ற குறிப்புகளும் இருந்தன. குறிப்பு இல்லாதிருந்தால் அவை வெறும் முகங்களாகவே போயிருக்கும்.

நம் வீட்டு அலுமாரியிலும் அப்படியொரு பிஸ்கட் டின் இருக்கும். அதிலுள்ள படங்களில் யார் யார் என்று சொல்ல மூத்தம்மா இருக்கும்போதே கேட்டு, பின்புறம் பென்சிலால் பெயரும் வருடமும் எழுதி வையுங்கள். பழைய மஸ்கெலியாவில் நடந்து திரிந்தவர்கள் வருடத்துக்கு வருடம் குறைகிறார்கள். நீர் வற்றினால் சுவர்கள் மீண்டும் தெரியும். பெயர்கள் தெரியமாட்டா.