சந்திரகாந்தக்கல்லில் நிலவொளி தெரிவது எப்படி? வாங்குவோர் அறிய வேண்டியவை

ஜார்ஜ்டவுன் - சந்திரனுக்கு உரியது முத்து. அதற்கு மாற்றாகச் சந்திரகாந்தக்கல் பதித்த மோதிரம் அணிவோரும் நம்மிடையே உண்டு. பினாங்கு லிட்டில் இந்தியாவில் நகை வாங்க வருவோர் இக்கல்லைப் பற்றிச் சற்று அறிந்து வைத்திருப்பது நல்லது. ஏனெனில், இதே தோற்றத்தில் கண்ணாடியும் விற்பனைக்கு வருகிறது.

நிலவொளி பட்டால் இக்கல் நீர் கசியும் என்பது பழைய நம்பிக்கை. அறிவியல் சொல்வது வேறு. இது ஃபெல்ட்ஸ்பார் எனும் கனிம வகையைச் சேர்ந்தது. பூமிக்கடியில் இது மெல்ல மெல்லக் குளிரும்போது, இரு வகை ஃபெல்ட்ஸ்பார்கள் பிரிந்து மெல்லிய அடுக்குகளாகப் படிகின்றன. அந்த அடுக்குகளில் பட்டு ஒளி சிதறுவதே நாம் காணும் மினுமினுப்பு. அடுக்கு மிக மெல்லியதாக இருந்தால் நீல நிறமும், தடித்தால் வெண்மையும் தெரியும். இலங்கையின் அம்பலாங்கொடைக்கு அருகிலுள்ள மீட்டியாகொடை நீல ஒளிக் கற்களுக்குப் பெயர் பெற்றது. தமிழ்நாட்டில் காங்கேயம் வட்டாரத்திலும் இக்கல் கிடைக்கிறது.

வைரத்தைப் போல் இதற்கு வழக்கமாகப் பட்டை தீட்டுவதில்லை. அடிப்பக்கம் தட்டையாகவும் மேற்பக்கம் குவிந்தும் இருக்கும்படி இழைக்கிறார்கள். தொழிலாளியின் திறமை இழைப்பதற்கு முன்பே தெரிந்துவிடும். கரடுக்கல்லை நீரில் நனைத்து, ஒரே விளக்கின் கீழ் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஒளி எங்கே எழுகிறது என்று குறித்துக்கொள்வார். உள்ளிருக்கும் அடுக்குகள் கல்லின் அடிப்பக்கத்துக்கு இணையாக அமைந்தால்தான் ஒளி நடுவில் நிற்கும். கோணம் தவறினால் அது ஓரத்துக்கு ஒதுங்கிவிடும். எவ்வளவு மெருகேற்றினாலும் நடுவுக்கு வராது.

பிறகு கல்லை அரக்கால் குச்சியில் ஒட்டி, நீர் சொட்டும் சக்கரத்தில் தேய்ப்பார்கள். சொரசொரப்பான சக்கரத்தில் தொடங்கி, படிப்படியாக நுண்ணிய சக்கரத்துக்கு மாறி, கடைசியில் மெருகேற்றுவார்கள். இங்கே அவசரம் ஆகாது. இக்கல் இரு திசைகளில் எளிதாகப் பிளக்கும் தன்மை கொண்டது. அழுத்தம் கூடினாலோ, சூடேறினாலோ உடைந்துவிடலாம்.

வாங்கும்போது மோதிரத்தை விளக்கின் கீழ் மெதுவாக அசைத்துப் பாருங்கள். நல்ல கல்லில் ஒளி மேற்பரப்பில் மிதந்து நகரும். ‘ஓப்பலைட்’ எனப்படும் கண்ணாடி கருமையான பின்னணியில் நீலமாகவும், வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஆரஞ்சு நிறமாகவும் தெரியும். உள்ளே காற்றுக் குமிழிகள் இருந்தால் அது கண்ணாடி என்பதற்கு மேலும் ஓர் அறிகுறி. ‘ரெயின்போ மூன்ஸ்டோன்’ என்று விற்கப்படுவது உண்மையில் லாப்ரடோரைட் எனும் வேறொரு ஃபெல்ட்ஸ்பார். அதிக விலை கொடுப்பதாக இருந்தால் ஆய்வுக்கூடச் சான்றிதழ் கேட்டுப் பெறுவதே பாதுகாப்பு.

இக்கல்லின் கடினம் மோஸ் அளவில் 6 முதல் 6.5 வரைதான். சாதாரண தூசியில் உள்ள மணல் துகளின் கடினம் 7. எனவே உலர்ந்த துணியால் தேய்த்தாலே கீறல் விழலாம். அல்ட்ராசோனிக் இயந்திரத்திலும் நீராவியிலும் சுத்தம் செய்யக்கூடாது. வெதுவெதுப்பான சோப்பு நீரும் மென்மையான துணியும் போதும். பாத்திரம் கழுவும்போதும் தோட்ட வேலையின்போதும் மோதிரத்தைக் கழற்றி வைத்தால், அந்த நிலவொளி பல்லாண்டு மங்காது.