புள்ளிக்கு இடப்பக்கம் யார்?

போன மாசம் ஒரு பழைய ரியாக்ட் ப்ராஜெக்டைத் திறக்க வேண்டி வந்தது. நாள் முழுக்க மூடாமல் ஓடும் ஒரு திரை. காலையில் நன்றாக ஓடும், மத்தியானத்துக்கு மேல் மவுஸை நகர்த்தினாலே திணறும். இரண்டு நாள் சர்வரைச் சந்தேகப்பட்டேன். பிரச்சினை இருந்தது 'பைண்ட்' என்ற ஒரு சின்ன சொல்லில்.

அடிப்படையிலிருந்து வருகிறேன். கிளாஸுக்குள் எழுதும் மெத்தட் அந்தந்த ஆப்ஜெக்டோடு ஒட்டிக்கொண்டிருக்கும் என்று நினைக்கிறோம். ஜாவாவிலிருந்து வந்தவர்களுக்கு (நானும்தான்) இந்த நினைப்பு லேசில் போகாது. ஜாவாஸ்கிரிப்ட்டில் அது ப்ரோட்டோடைப்பில் ஒரே பிரதியாக இருக்கும் சாதாரண ஃபங்ஷன். அதற்குள் வரும் 'திஸ்' யார் என்பது கூப்பிடும்போதுதான் முடிவாகிறது. தமிழில் 'நான்' என்ற சொல் மாதிரி, யார் பேசுகிறாரோ அவர்தான் 'நான்'. 'கவுண்டர்.கூட்டு()' என்று கூப்பிட்டால் புள்ளிக்கு இடப்பக்கம் இருக்கும் கவுண்டர்தான் திஸ்.

பட்டனின் ஆன்கிளிக்குக்கு 'திஸ்.கூட்டு' என்று அடைப்புக்குறி இல்லாமல் கொடுக்கும்போது நாம் எதையும் கூப்பிடவில்லை. ஃபங்ஷனை மட்டும் கழற்றிக் கொடுக்கிறோம், இடப்பக்கம் இருந்தவர் கூடவே போவதில்லை. பிறகு ரியாக்ட் அதை வெறும் ஃபங்ஷனாகக் கூப்பிடும். கிளாஸுக்குள் எப்போதும் ஸ்ட்ரிக்ட் மோட் என்பதால் திஸ் 'அன்டிஃபைன்ட்' ஆகி, கன்சோலில் சிவப்பு வரி வரும். அது வந்தால் நல்லதுதான். ரியாக்ட் இல்லாமல் நேரடியாக 'ஆட்இவென்ட்லிசனர்' போட்டுப் பாருங்க, அங்கே திஸ் அந்த பட்டனே ஆகிவிடும். 'திஸ்.எண்ணிக்கை++' எந்த எரரும் இல்லாமல் பட்டன் மேல் ஒரு 'நேன்' மதிப்பை எழுதிவிட்டுப் போகும்.

ரியாக்ட்டின் பழைய 'கிரியேட்கிளாஸ்' இதைத் தானே கட்டிக் கொடுத்தது. 2015-இல் 0.13 பதிப்பில் ஈஎஸ்6 கிளாஸ் வந்தபோது அந்த வசதி இல்லை. அப்புறம்தான் கன்ஸ்ட்ரக்டர் முழுக்க பைண்ட் வரிகள் முளைத்தன.

பைண்ட் பழைய ஃபங்ஷனை மாற்றுவதில்லை, ஒவ்வொரு தடவையும் புதுசாக ஒண்ணு செய்து தரும். என் பக் இங்கேதான். காம்பொனன்ட் வரும்போது மவுஸ்மூவுக்கு 'திஸ்.அளவிடு.பைண்ட்(திஸ்)' என்று லிசனர் சேர்த்திருந்தது. போகும்போது 'ரிமூவ்இவென்ட்லிசனர்' வரியிலும் அதே 'திஸ்.அளவிடு.பைண்ட்(திஸ்)'. எழுத்துக்கு எழுத்து ஒன்று, ஆனால் இரண்டும் வேறு வேறு ஃபங்ஷன். பிரவுசர் தேடிப் பார்த்து, கிடைக்காமல், ஒரு வார்த்தை சொல்லாமல் விட்டுவிடும். டேப் மாற மாற ஒரு லிசனர் கூடிக்கொண்டே போகும். திரையை விட்டுப் போன காம்பொனன்ட்டும் அதைப் பிடித்துக்கொண்டு மெமரியில் கிடக்கும். மவுஸ் நகரும்போதெல்லாம் அத்தனையும் ஓடும்.

கன்ஸ்ட்ரக்டரில் ஒரே தடவை பைண்ட் செய்து, கிடைத்ததை வைத்துக்கொண்டு, அதையே சேர்த்து அதையே நீக்க வேண்டும். இல்லையென்றால் ஏரோ ஃபங்ஷனை கிளாஸ் ஃபீல்டாக எழுதலாம். அதற்குச் சொந்தமாக திஸ் கிடையாது, சுற்றியிருக்கும் இடத்திலிருந்து எடுத்துக்கொள்ளும். இரண்டிலும் ஆப்ஜெக்டுக்கு ஒரு ஃபங்ஷன் என்று கணக்கு. ஆயிரக்கணக்கில் ஆப்ஜெக்ட் இல்லாதவரை கவலைப்பட மாட்டேன்.

எனக்குப் பிடித்த வழியை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. லிசனராக ஃபங்ஷனுக்குப் பதில் ஆப்ஜெக்டையே கொடுக்கலாம். பிரவுசர் அதன் 'ஹேண்டில்இவென்ட்' மெத்தடைக் கூப்பிடும், திஸ் அந்த ஆப்ஜெக்ட்தான். பைண்டே வேண்டாம், நீக்கும்போதும் அதே ஆப்ஜெக்டைக் கொடுத்தால் போதும்.

அந்தத் திரையைச் சரிசெய்த கையோடு ப்ராஜெக்ட் முழுக்கத் தேடினேன். இதே ஜோடி இன்னும் ஏழு இடத்தில் இருந்தது. அதில் நாலு நான் எழுதியது.