கொள்ளைநோய்க் காலத்திற் பல்கலைக்கழகம் புகுந்த பிள்ளைகளும் அவர்தம் பெற்றோரும்

பிள்ளை பள்ளிக்கூடத்தை விட்டுப் பல்கலைக்கழகம் புகும் பருவம் பெற்றோருக்கு எக்காலத்தும் கலக்கந் தருவதே. அதுவரை பாடசாலை மணியோசைக்குக் கட்டுப்பட்டு நடந்த பிள்ளை, இனித் தன் நேரத்தைத் தானே வகுத்துக்கொள்ள வேண்டியவனாகின்றான். இக்கலக்கத்தோடு, பரீட்சை எப்பொழுது, பெறுபேறு எப்பொழுது, விரிவுரை எப்பொழுது என எவராலுஞ் சொல்லவொண்ணாத நிலையுஞ் சேர்ந்துகொண்டால் யாது நிகழும் என்பதனை 2020 ஆம் ஆண்டு தொடக்கம் இக்கொழும்பு மாநகரிலே யாம் கண்ணாரக் கண்டோம். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் எம்மிடந் தமிழ் பயின்ற பிள்ளைகளின் இல்லங்களிற் பெற்றோர் எவ்வாறு துணைநின்றனர், அத்துணை எவ்விடத்துப் பயன்பட்டது, எவ்விடத்துப் பாரமாயிற்று என்பவற்றை இம்மலரில் எழுதிவைத்தல் தகுமென எண்ணினோம். அக்கால மாணவர் பலர் இன்று பட்டம் பெற்றுவிட்டனர். ஆயின் அவர்தம் தம்பி தங்கையர் அதே வாயிலில் இன்று வந்து நிற்கின்றனர். 2024 ஆம் ஆண்டிலும் 2025 ஆம் ஆண்டிலும் நவம்பர் இறுதியில் வீசிய புயலும் வெள்ளமும் உயர்தரப் பரீட்சையை இடைநடுவில் நிறுத்தியதை எண்ணுங்கால், கொள்ளைநோய் நீங்கியும் நிச்சயமின்மை நீங்கவில்லை என்பது புலனாகும்.

நடந்தவற்றை முதலில் நினைவுகூர்வோம். 2020 மார்ச்சு நடுப்பகுதியிற் பாடசாலைகள் மூடப்பட்டன. 20 ஆந் திகதி மாலை நாடெங்கும் ஊரடங்கு பிறப்பிக்கப்பட்டது. கொழும்பில் அது மே மாதக் கடைசி வரை நீண்டது. ஓகஸ்டில் நடைபெறவேண்டிய க.பொ.த. உயர்தரப் பரீட்சை முதலிற் செப்டெம்பருக்கும் பின்னர் ஒக்டோபர் 12 ஆந் திகதிக்கும் ஒத்திவைக்கப்பட்டது. பரீட்சை தொடங்கும் வேளையில் நோயின் இரண்டாம் அலையும் எழுந்தது. வடகொழும்பிலே கொட்டாஞ்சேனை, முகத்துவாரம், மட்டக்குளி முதலிய பகுதிகள் தனிமைப்படுத்தல் ஊரடங்கின்கீழ் வந்தன. பரீட்சை அனுமதி அட்டையே ஊரடங்கு அனுமதிச் சீட்டாகவும் பயன்பட்டது. தந்தையர் வாயிற்படியில் நிற்க, முகக்கவசம் அணிந்த பிள்ளைகள் ஆளரவமற்ற தெருக்களினூடே பரீட்சை மண்டபஞ் சென்றனர்.

மூன்றரை இலட்சத்துக்கு மேற்பட்டோர் அப்பரீட்சைக்கு விண்ணப்பித்திருந்தனர். பெறுபேறு 2021 மே முற்பகுதியிலேயே வெளிவந்தது. அதன்பின் மீளாய்வு, விண்ணப்பம், வெட்டுப்புள்ளி, பதிவு என ஒவ்வொரு படியும் முடக்கத்தினால் தள்ளிப்போக, பலர் தம் முதல் விரிவுரையைக் கேட்டது 2022 ஆம் ஆண்டிலேயாம். பத்தொன்பது வயதிற் பரீட்சை எழுதிய பிள்ளை இருபதைக் கடந்தும் வீட்டுத் திண்ணையிலேயே இருந்தான் என்க.

இத்தகைய இடர் இந்நாட்டுக்குப் புதியதன்று. 1942 ஏப்பிரல் 5 ஆந் திகதி யப்பானிய விமானங்கள் கொழும்பிற் குண்டு வீசின. அவ்வாண்டு யூலை முதலாந் திகதியே இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றியது. 1987 தொட்டு 1990 வரை தென்னிலங்கையிற் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் மூடிக்கிடந்தன. அக்காலத்து மாணவருள் எத்தனையோ பேர் இம்மலரை இன்று கனடாவிலும் இங்கிலாந்திலும் இருந்து படிப்பர். ஆயினும் ஒரு வேற்றுமை உண்டு. அக்காலத்திற் செய்தி அரிது. காத்திருந்தோர் அறியாமையிற் காத்திருந்தனர். கொள்ளைநோய்க் காலத்திலோ செய்தி மிகை. ஒருநாளிற் பத்துத் தடவை கைத்தொலைபேசியில் வாட்சப் வழியாக, இன்னார் சொன்னார், திணைக்களத்தில் ஒருவர் சொன்னார் என்று வதந்திகள் வந்து குவிந்தன. அவற்றை முதலிற் படிப்போர் பெற்றோர். படித்தவுடன் பிள்ளையிடம் ஓடிச்சென்று சொல்வோரும் அவரே. வதந்தி பொய்த்தபோது வாடியவன் பிள்ளை.

வெள்ளவத்தையில் ஓர் ஒழுங்கையிலே வாழ்ந்த ஒரு தாயார் இதற்கு நல்லதொரு வழி கண்டிருந்தார். பரீட்சைத் திணைக்களமோ பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவோ வெளியிட்டதை மாத்திரம் ஒரு நாட்காட்டியில் மையினால் எழுதுவார். மற்றையவற்றைப் பென்சிலினால் எழுதுவார். மகள் அந்நாட்காட்டியைப் பார்த்தே தன் நாளை வகுத்துக்கொண்டாள். தெரிந்தது இது, தெரியாதது இது என்று பிரித்துக் காட்டுதல் சிறிய செயலாகத் தோன்றலாம். ஆயின் நிச்சயமற்ற காலத்திற் பெற்றோர் பிள்ளைக்குக் கொடுக்கத்தக்கது இதனினும் பெரிதாக யாதுளது? நிச்சயத்தை அவரால் கொடுத்தல் இயலாது; அஃது அவர் கையில் இல்லை.

இனி, பெற்றோர் பெரிதும் மயங்கிய இடம் ஒன்றைச் சற்று விரித்துரைப்போம். அது பல்கலைக்கழக விண்ணப்பம். இந்நாட்டிலே அனுமதி இசட் புள்ளியைக் கொண்டு வழங்கப்படுகின்றது. ஒரு பாடத்தில் மாணவன் பெற்ற புள்ளியிலிருந்து அப்பாடத்தின் சராசரியைக் கழித்து, எஞ்சியதை நியமவிலகலினால் வகுக்க வருவது அப்பாடத்துக்குரிய இசட் புள்ளி. மூன்று பாடங்களினதும் சராசரியே மாணவனின் புள்ளியாகும். பெரும்பாலான துறைகளில் நூற்றுக்கு 40 இடங்கள் அகில இலங்கைத் திறமைக்கும், 55 இடங்கள் மாவட்டங்களின் சனத்தொகை விகிதத்துக்கும், 5 இடங்கள் கல்வியிற் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் உரியன. கொழும்பு பின்தங்கிய மாவட்டமன்று. ஆதலால் இங்குப் படித்த எம் பிள்ளைகளுக்கு வெட்டுப்புள்ளி உயரமாகவே இருக்கும். 2020 ஆம் ஆண்டுப் பரீட்சையில் 190,000 இற்கு மேற்பட்டோர் தகுதிபெற, இடமோ 40,000 இற்குச் சற்று மேற்பட்டதாகவே இருந்தது.

வெட்டுப்புள்ளி என்பது முன்கூட்டி நிருணயிக்கப்படும் எல்லையன்று. விண்ணப்பித்தோரையெல்லாம் புள்ளிவாரியாக நிரைப்படுத்தி இடங்களை நிரப்பிய பின்னர், கடைசியாய் இடம்பெற்றவரின் புள்ளியே அப்பெயர் பெறுகின்றது. எனவே சென்ற ஆண்டின் வெட்டுப்புள்ளி வழிகாட்டுமேயன்றி வாக்குத் தராது. இதனை அறியாத பெற்றோர் சிலர், பிள்ளை விரும்பிய துறையைக் கீழே தள்ளி, கிடைக்கக்கூடியது என்று தாம் கருதியதை விண்ணப்பத்தின் முதலிடத்தில் எழுதுவித்தனர். இது பெரும் பிழை. மாணவன் எழுதிய விருப்ப ஒழுங்கில், அவன் புள்ளிக்கு எட்டுவனவற்றுள் மேலே உள்ளதே அவனுக்கு வழங்கப்படும். விரும்பியதை மேலே எழுதியதனாற் கீழே உள்ளதை இழக்கமாட்டான். கீழானதை மேலே எழுதினாலோ மேலானது எட்டியிருந்தும் கைநழுவிப்போம். பதிவுசெய்த பின்னர் மாற்றிக்கொள்ளுதல் எளிதன்று. மூன்று நான்கு ஆண்டுகளை ஒரு பிள்ளை எங்கே, எதைப் படித்துக் கழிக்கப்போகின்றான் என்பது அப்பட்டியலின் ஒழுங்கிலே தங்கியிருந்தது. அதனைப் பிள்ளையே தன் கைப்பட எழுதவேண்டும். தாய் தந்தையர் கைந்நூலை அருகிருந்து வாசித்து ஐயம் வினாவலாம். அவ்வளவே அவர் கடன் என்பது எம் துணிபு.

அவ்வாண்டில் இன்னுமொரு சிக்கலும் நேர்ந்தது. உயர்தரப் பரீட்சையைப் பல்கலைக்கழக அனுமதிக்காக மூன்று முறைக்கு மேல் எழுதவியலாது. 2021 ஆம் ஆண்டுக்குரிய பரீட்சையோ தள்ளித் தள்ளி 2022 பெப்ரவரியில் நடந்தது. அதற்கு விண்ணப்பிக்கும் நாளில் முந்திய பரீட்சையின் வெட்டுப்புள்ளி வெளிவரவில்லை. இடங் கிடைக்குமோ கிடையாதோ என்றறியாமலே, மீண்டும் புத்தகத்தை எடுப்பதா விடுவதா என்று பிள்ளை முடிவுசெய்யவேண்டியிருந்தது. அவ்வேளையில் எம்மிடம் வந்து கேட்ட பெற்றோருக்கெல்லாம் யாம் ஒன்றே சொன்னோம்: விண்ணப்பத்தை அனுப்புங்கள், அது வாயிலைத் திறந்துவைக்கும், எழுதுவதா என்பதைப் பின்னர் பிள்ளை சொல்லட்டும். சில வீடுகளில் இதுவுங் கைகூடவில்லை. மறுமுறை எழுது என்று தந்தையும், வெளிநாட்டுக்கு அனுப்பிவிடுவோம் என்று தாயும், இரண்டுக்கும் நடுவே பிள்ளை அறைக்கதவைச் சாத்திக்கொண்டதும் உண்டு.

கொட்டாஞ்சேனையில் எமக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தின் நிலை வேறு. தந்தையார் செட்டியார் தெருவில் நகைப்பட்டறைத் தொழிலாளி. தெரு மூடப்பட்டபோது வருவாயும் மூடப்பட்டது. தொடர்மாடியில் இரண்டே அறைகள், பிள்ளைகள் மூவர், இணையவசதியுள்ள கைத்தொலைபேசி ஒன்று. மூத்தவன் பரீட்சை எழுதிவிட்டுக் காத்திருந்தான். இளையோர் இருவருக்கும் சூம் வகுப்பு. மூத்தவன் வேலைக்குப் போகின்றேன் என்றான். சுற்றத்தார், வேலைக்குப் போனவன் படிப்புக்குத் திரும்பமாட்டான் என்று அச்சுறுத்தினர். தந்தையார் அவனை அழைத்து, போகலாம், ஆனால் பல்கலைக்கழகத்தில் இடங் கிடைத்த அன்றே வேலையை விடவேண்டும், அதற்குச் சம்மதமா என்று கேட்டார். மகன் சம்மதித்தான். ஒரு பல்பொருள் அங்காடியிலே பொதிகட்டும் வேலை. வேலையும் காத்திருப்பும் ஒன்றையொன்று கெடுக்கவில்லை. வெறுங்கையுடன் காத்திருந்தவரினும் அவன் மனந்தளராதிருந்தான் என்பதை யாம் நேரிற் கண்டோம்.

வசதிமிக்க வீடுகளில் வேறொரு நோய் இருந்தது. அஃது ஒப்புநோக்கும் நோய். ரொறன்ரோவில் உள்ள பெரியப்பாவின் மகள் 2020 செப்டெம்பரிலேயே வகுப்புத் தொடங்கிவிட்டாள், நீ இன்னும் இருக்கின்றாய் என்னும் பேச்சு. அப்பிள்ளையும் அங்கே கணினித் திரையைப் பார்த்துத் தனியறையில் இருந்தவளே. அதனை இங்குள்ளோர் எண்ணிப்பார்க்கவில்லை. தாமதம் பிள்ளையின் குற்றமன்று என்பது யாவருக்குந் தெரியும். தெரிந்தும் நாவு அடங்குவதில்லை.

காத்திருந்த மாதங்களை எவ்வாறு கழிப்பது என்று வினாவியோருக்கு மொழி கற்குமாறு கூறினோம். தமிழாசிரியர் ஆங்கிலம் படி என்கின்றாரே என்று நகைத்தவரும் உளர். மருத்துவம், பொறியியல், விஞ்ஞானம், முகாமைத்துவம் ஆகிய பீடங்களிற் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே கற்பிக்கின்றனர். பதின்மூன்று ஆண்டுகள் தமிழிற் கற்ற பிள்ளை முதலாண்டில் இடறுவது அறிவுக்குறையினாலன்று, மொழிக்குறையினாலே. நாள்தோறும் ஓர் ஆங்கிலப் பத்திரிகைப் பத்தியை உரத்து வாசித்து அதன் பொருளைத் தமிழில் எழுதிய மாணவர், பின்னர் விரிவுரைக் குறிப்பெடுக்க அஞ்சவில்லை. பேராதனைக்கும் மொறட்டுவைக்கும் போனவருக்குச் சிங்களமும் வேண்டியிருந்தது.

2022 பிறந்தது, விரிவுரைகளுந் தொடங்கின. நோய் தணிந்ததென்று மகிழுமுன் பொருளாதார நெருக்கடி வந்தது. மார்ச்சுக் கடைசியில் ஒருநாளிற் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்சாரம் நின்றது. யூனில் எரிபொருளின்றிப் பல்கலைக்கழகங்கள் மீண்டும் இணையவழி வகுப்புகளை நாடின. மின்வெட்டு நேர அட்டவணையைப் பார்த்துச் சமையலை முன்தள்ளிய தாய்மாரையும், விரிவுரை வேளையில் தொலைக்காட்சியை நிறுத்திய பாட்டனாரையும் யாம் அறிவோம். இணைய வகுப்பில் இருக்கும் பிள்ளை வீட்டில் இருப்பவன் அல்லன், விரிவுரை மண்டபத்தில் இருப்பவன் என்று கொள்ளுதல் வேண்டும். கடைக்குப் போய்வா என்று அழைக்கலாகாது.

பின்னர் வளாகங்கள் திறந்து, பிள்ளைகள் நேரில் வருமாறு அழைக்கப்பட்டபோது பெற்றோர் மனம் மறுபடியுந் தடுமாறிற்று. இரண்டாண்டு வீட்டைவிட்டு அகலாத பிள்ளை யாழ்ப்பாணத்துக்கோ வந்தாறுமூலைக்கோ செல்லவேண்டும். பெண்பிள்ளைகளைப் பெற்றோர், வகுப்பு இணையத்தில் நடந்ததே, இனியும் நடக்கட்டுமே என்றனர். பகிடிவதை குறித்த அச்சமும் இருந்தது. முடக்க காலத்தில் அது தொலைபேசி வழியாகவும் நிகழ்ந்ததென்று முறைப்பாடுகள் எழுந்ததை அவர்கள் அறிந்திருந்தனர். பகிடிவதையைக் குற்றமாக்கிய சட்டம் 1998 ஆம் ஆண்டிலேயே நிறைவேறியது என்பதையும், பல்கலைக்கழகங்களில் மாணவ ஆலோசகர் உளர் என்பதையும் பிள்ளைக்குப் புறப்படுமுன் சொல்லிவைத்தல் நன்று. நாளொன்றுக்கு ஐந்துமுறை தொலைபேசியில் அழைத்து உண்டாயா உறங்கினாயா என்று கேட்பதைக் காட்டிலும், இரவில் ஒருமுறை அழைத்து, அவன் சொல்வதை முழுதுங் கேட்பது பயன்தரும். குறுக்கிட்டு அறிவுரை சொல்லுந் தாய்தந்தையரிடம் பிள்ளைகள் மெய்யை மறைக்கத் தொடங்குவர்.

பணத்தைப்பற்றியும் ஒரு வார்த்தை. மகாபொல புலமைப்பரிசில் அக்காலத்தில் மாதம் ஏறத்தாழ 5,000 ரூபாவாக இருந்தது. அது நல்லுதவியே. ஆயினும் முதற் கொடுப்பனவு கைக்கு வந்துசேர மாதங்கள் செல்வதுண்டு. விடுதி கிடையாதோர் அறை வாடகைக்கு எடுக்கவேண்டும்; முற்பணம் கேட்பர். நெருக்கடிக் காலத்தில் அரிசி முதல் பேருந்துக் கட்டணம் வரை யாவும் ஏறியிருந்தன. ஆதலால் முதல் அரையாண்டுச் செலவைக் கணக்கிட்டு, பிள்ளையோடு அமர்ந்து, இவ்வளவே உண்டு என்று வெளிப்படையாகச் சொல்லுதல் நலம். இல்லாமையை மறைத்துக் கடன்பட்ட பெற்றோரின் பிள்ளைகள் அதனைப் பின்னர் அறிந்து படிப்பை விடவுந் துணிந்தனர்.

மேலே கூறிய செட்டியார் தெருத் தொழிலாளியின் மகனுக்கு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இடங் கிடைத்தது. சொன்ன சொற்படி வேலையை விட்டான். அவன் வேலைசெய்த காலத்தில் வீட்டுச் செலவுக்குக் கொடுத்த சம்பளத்தில் ஒரு பகுதியைத் தந்தையார் மாதந்தோறும் அவன் பெயரிலேயே வங்கியில் இட்டுவந்திருந்தார். காலி வீதியில் இரவுப் பேருந்து ஏறுமுன் அந்த வங்கிப் புத்தகத்தை அவன் கையிற் கொடுத்தார். முதல் ஆறு மாதமும் அறை வாடகையும் சாப்பாடும் அதிலிருந்தே நடந்தன.